வடசென்னையிலிருந்து மும்பை போகிறவர்கள் சீ லிங்க்கைப் பார்க்க

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் அதில் உதிக்கும். மும்பையில் கடல் மேற்கே. அதனால் பாந்த்ரா–வொர்லி சீ லிங்க் என்ற கடல் பாலத்தைக் காலையில் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் பாதி அழகைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டிசம்பரில் 6 மணியை ஒட்டிப் பொழுது சாயும், மே மாதத்தில் 7 மணி தாண்டிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடைமழையில் பாலமே கண்ணுக்குத் தெரியாத நாள்கள் உண்டு. நமக்கு மழை கொட்டும் நவம்பர், டிசம்பர்தான் அங்கே நல்ல காலம்.

பாலத்தின் நீளம் 5.6 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தேரடி வரை என்று மனதில் போட்டுக்கொள்ளலாம். மாஹிம் விரிகுடாவின் வாயில், கரையை விட்டு விலகி, வளைந்து போகிறது. 2009 ஜூன் 30 அன்று திறந்தார்கள். நேப்பியர் பாலம் மாதிரி ஓரமாக நடந்து, நின்று பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நடக்க அனுமதி இல்லை, பைக்குக்கும் ஆட்டோவுக்கும் இல்லை. காரை நடுவில் நிறுத்தினால் அபராதம். ஆகவே காரில் ஒரு தடவை கடப்பது, கரையில் நின்று பார்ப்பது என்று இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிடுங்கள்.

கடப்பதற்குத் திசை முக்கியம். மரீன் டிரைவ் பக்கம் டாக்சி பிடித்து வடக்கே பாந்த்ராவுக்குப் போங்கள். மலபார் ஹில்லுக்கு அடியில் 2 கிலோமீட்டர் சுரங்கம், பிறகு கடலோரச் சாலை, அது அப்படியே சீ லிங்க்கில் சேரும். இடது ஜன்னலோரம் உட்காருங்கள். அந்தப் பக்கம் முழுக்கத் திறந்த கடல், சாயும் சூரியனும் அங்கேதான். தெற்கு நோக்கி வந்தால் இடது ஜன்னலில் தாதர், மாஹிம் கரைக் கட்டடங்கள்தான் தெரியும். பாலத்தைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது; போனைத் தேடிக்கொண்டிருந்தால் முடிந்துவிடும். பாந்த்ராவை நெருங்கும்போது வரும் பெரிய கோபுரத்துக்காகக் காத்திருங்கள், விசிறி போல் விரிந்த கேபிள்கள் தலைக்கு மேலே போகும். அந்த இடத்தில் தூண்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் கீழே மீன்பிடிப் படகுகள் தாராளமாகப் போய்வரும்.

டிரைவரிடம் ஏறும்போதே "சீ லிங்க் சே சலோ" (சீ லிங்க் வழியாகப் போங்கள்) என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுங்கத்தை மிச்சம் பிடிக்க மாஹிம் வழியாக நெரிசலில் கொண்டுபோய்விடுவார். 2024 ஏப்ரல் முதல் காருக்கு ஒரு வழிச் சுங்கம் 100 ரூபாய். ஆப்பில் பிடித்த வண்டியில் அது பெரும்பாலும் பில்லிலேயே சேர்ந்துவிடும். தனியாகக் கையில் கேட்டால், பில்லைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கரையிலிருந்து பார்க்க இரண்டு இடங்கள். பாலம் நீளவாக்கில் முழுசாகத் தெரிய வேண்டுமானால் பாந்த்ரா கோட்டை; பாந்த்ரா ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பாலத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்க சிவாஜி பார்க்கை ஒட்டிய தாதர் சௌபாத்தி, அதாவது தாதர் கடற்கரை. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு சௌபாத்தி. தாதர் ஸ்டேஷனிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான்.

பாந்த்ரா பாறைகளில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள், கடற்கரையிலேயே வளர்ந்தவர்களாக இருந்தாலும் சரி. காசிமேட்டில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே தண்ணீர் ஒரு மீட்டர் அளவுதான் ஏறி இறங்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 4 மீட்டரைத் தாண்டும். வற்றத்தில் காய்ந்து கிடக்கும் பாறைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் உள்ள பள்ளங்களில் தண்ணீர் ஏறி, திரும்பும் வழி அடைபட்டுவிடும். பாசியும் வழுக்கும். கோட்டை மதிலிலிருந்தே பாலம் நன்றாகத் தெரிகிறது.