குழந்தை கையில் களிமண்: எப்படித் தொடங்குவது

கோபத்தில் இருக்கும் குழந்தையிடம் "என்ன ஆச்சு, சொல்லு" என்றால் பெரும்பாலும் பதில் வராது. ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்தால் குத்தும், பிசையும், பிய்த்துப் போடும். பல சமயம் பேச்சு அதன் பிறகு தானாக வரும். பிடிக்காவிட்டால் கலைத்து மறுபடி உருட்டலாம் என்பதால், வரையப் பயப்படும் பிள்ளைகளும் இதில் துணிந்து கைவைப்பார்கள்.

மண்பாண்டம் செய்பவரிடம் கல் நீக்கி மிதித்த மண்ணாகக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்து மண்ணில் கண்ணாடிச் சில்லு கிடக்கலாம், வேண்டாம். ஒரு குழந்தைக்கு அரைக் கிலோ கொடுங்கள். எலுமிச்சை அளவு கொடுத்தால் விரல் நுனிக்குத்தான் வேலை. தோளும் கையும் சேர்ந்து அழுத்த இவ்வளவு மண் வேண்டும்.

பதம் பார்க்க, விரல் கனத்துக்கு உருட்டி வளையுங்கள். வெடித்தால் கையை நனைத்துக்கொண்டு இன்னும் பிசையவும். விரலில் ஒட்டினால் பருத்தித் துணியில் அரை மணி நேரம் பரப்பி வைக்கவும். கீழே சாக்கு விரித்தால் மண் ஒட்டாது.

முதல் 10 நிமிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லாதீர்கள். 3 வயதுக்குக் குத்துவதும் பிய்ப்பதுமே போதும். 4, 5 வயதில் உருண்டையும் பாம்பும் வரும். 7 வயதுக்கு மேல், பாம்பைச் சுற்றி அடுக்கிக் கிண்ணம் செய்யலாம்.

அதிகம் கெடுவது ஒட்டும் இடத்தில்தான். யானைக்குத் தும்பிக்கையைச் சும்மா அழுத்தி வைத்தால் காய்ந்ததும் விழுந்துவிடும், குழந்தை அழும். இரண்டு பக்கமும் பல்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோசைமாவுப் பதத்தில் கரைத்த மண்ணைத் தடவி, அழுத்தி, ஓரத்தை விரலால் இழுத்து மூடச் சொல்லிக்கொடுங்கள். கனம் ஒரு விரலுக்கு மேல் போனால் அடியில் குடைந்துவிடவும். நிழலில் நாலைந்து நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும்.

"இது என்ன?" என்ற கேள்வி வேண்டாம். அதற்கு இன்னும் பேர் இல்லாமலே இருக்கலாம். "இந்த இடத்துல நல்லா அழுத்தியிருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும், மீதியைக் குழந்தையே சொல்லும். பொம்மையின் கோணல் மூக்கை நீங்கள் நிமிர்த்தவே கூடாது. தான் செய்ததை உடைக்க அனுமதி உண்டு, அடுத்தவர் செய்ததை அல்ல. தொடக் கூசும் பிள்ளைக்கு ஒரு கரண்டியோ குச்சியோ கொடுங்கள். வற்புறுத்தினால் அடுத்த முறை கிட்டவே வராது.

செய்த உருவத்தை வைத்து மனசைக் கணிக்காதீர்கள். ஆனால் யாரோ அடிப்பதாகவோ தொடுவதாகவோ குழந்தை வாய்விட்டுச் சொன்னால் நம்புங்கள், குறுக்குக் கேள்வி கேட்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கையை வாளித் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். சிங்க்கில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். காய்ந்த தூளைப் பெருக்கினால் மூச்சில் ஏறும், ஈரத்துணியால் துடைக்கவும். மிஞ்சிய மண்ணை ஈரத்துணி சுற்றி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் அடுத்த வாரத்துக்கு ஆகும்.