பெண் ஆர்டிஸ்ட்கள் வரைஞ்ச பெண்களை எப்படி பாக்குறது

நம்மள்ல நிறைய பேருக்கு பெண் படம்னா முதல்ல மனசுல வர்றது ரவிவர்மா காலண்டர் லட்சுமி தான், பட்டுப்புடவை, நகை, அளவா ஒரு சிரிப்பு. அந்தக் கண்ணோடவே போய் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் படம் முன்னாடி நின்னா "ஏன் எல்லாரும் இவ்ளோ சோகமா இருக்காங்க"ன்னு கேட்டுட்டு அடுத்த ரூமுக்கு போயிடுவோம். அதனால பாக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விய கையில வெச்சுக்கோங்க: இந்தப் பொண்ணு யாருக்காக உக்காந்திருக்கா? அழகா இருக்காளா, மாடர்னா இருக்காளாங்கறதெல்லாம் அப்புறம்.

ஷெர்கில்ல இருந்தே ஆரம்பிங்க. 1935ல வரைஞ்ச 'மூன்று பெண்கள்' படத்த போன்ல நல்லா பெருசு பண்ணி பாருங்க. மூணு பேரும் நெருக்கமா உக்காந்திருக்காங்க, ஆனா ஒருத்தி கூட நம்மள பாக்கல, ஒருத்திய ஒருத்தியும் பாத்துக்கல. பின்னாடி வீடு, மரம், ஜன்னல்னு ஒண்ணும் கிடையாது, வெறும் சுவர் மாதிரி ஒரு கலர். கல்யாணத்துக்கு காத்திருக்காங்க, விதிய நெனச்சு வருத்தப்படுறாங்கன்னு ஆளாளுக்கு ஒரு கதை எழுதி வெச்சிருப்பாங்க, அதையெல்லாம் இப்ப படிக்காதீங்க, படத்துக்குள்ள அப்படி ஒண்ணும் எழுதி ஒட்டல. கண்ணு எங்க போகுது, தோள் எப்படி இருக்கு, அத மட்டும் பாருங்க.

அடுத்து அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி பாரிஸ்ல இருந்தப்போ வரைஞ்ச 'தாஹிட்டிப் பெண்ணாக என் உருவம்' படத்த பக்கத்துல வெச்சுக்கோங்க. பால் காகின்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் தாஹிட்டி தீவுப் பெண்கள அரைகுறை ஆடையில வரைஞ்சே பேர் வாங்கினவர், ஷெர்கில் என்ன பண்றாங்கன்னா அந்தப் பொண்ணு இடத்துல தன்னையே நிக்க வெச்சுட்டாங்க. மேல ஆடை இல்ல, முகம் வேற பக்கம் பாக்குது, பின்னாடி ஒரு ஆம்பளையோட நிழல் விழுந்திருக்கு. அந்த நிழல கண்டுபிடிச்சுட்டீங்கன்னா பாக்குறவன் யாரு, பாக்கப்படுறவ யாருங்கற சமாச்சாரம் தானா பிடிபட ஆரம்பிச்சிடும்.

இந்தக் கேள்விய ரொம்ப வெளிப்படையா கேக்குறவங்க பெங்களூர்க்காரங்க, ஆர்டிஸ்ட் புஷ்பமாலா. கிளேர் ஆர்னிங்கற போட்டோகிராஃபரோட சேந்து 2000ல இருந்து 2004 வரைக்கும் தென்னிந்தியப் பெண்கள் பத்தி ஒரு போட்டோ சீரிஸ் பண்ணாங்க, அதுல ரவிவர்மாவோட லட்சுமியா, நிலா வெளிச்சத்துல இருக்கற பொண்ணா எல்லாம் அவங்களே வேஷம் கட்டி நிக்கிறாங்க. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ்காரன் கட்டம் போட்ட திரைக்கு முன்னாடி பழங்குடி மக்கள நிக்க வெச்சு உடம்பு அளவெடுத்து போட்டோ எடுத்தான் பாருங்க, அதையும் அப்படியே நடிச்சுக் காட்டியிருக்காங்க. இத பாக்கும்போது முகத்த விட்டுட்டு செட்ட பாருங்க, திரை, மேக்கப், ஜோடனை எல்லாம் போலின்னு தெரியணும்னே வெச்சிருக்காங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு, வரலாம், தப்பில்ல.

உடம்பு விஷயத்துக்கு ஓவியர் அர்பிதா சிங். 1937ல பொறந்தவங்க. இவங்க படத்துல வர்ற பொம்பளைங்க பெரும்பாலும் நடு வயசு தாண்டினவங்க, சதை தொங்கும், சுத்திலும் பூ, பிங்க், நீலம், பாத்தா ஏதோ எம்பிராய்டரி துணி மாதிரி தோணும், கிட்ட போனா பூவுக்கு நடுவுல துப்பாக்கி, ஏரோப்ளேன், கோட்டு போட்ட ஆளுங்க. 1990ல ஒரு தேவி வரைஞ்சாங்க, பல கை இருக்கு, ஒரு கையில பிஸ்டல். அதனால இவங்க படத்த ரெண்டு தடவ பாக்கணும், தூர நின்னு ஒரு தடவ, மூக்கு ஒட்டற தூரத்துல ஒரு தடவ.

சைஸையும் பாத்து வெச்சுக்கோங்க, போன்ல எல்லாமே ஒரே அளவா தெரியும்ங்கறதுதான் பெரிய ஏமாத்து. அர்பிதா சிங்கோட 'விஷ் ட்ரீம்' 16 கேன்வாஸ் சேத்து வெச்ச சுவர் மாதிரி ஒண்ணு. அதுக்கு நேர்மாறா ஓவியர் நீலிமா ஷேக் சம்பாங்கற பொண்ணப் பத்தி வரைஞ்ச சீரிஸ், 1984-85, சின்னச் சின்னதா 12 படம். விளையாடுற பொண்ணு, கல்யாணம், மாமியார் வீடு, தீ. அவங்களுக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு வரதட்சணைக் கொடுமையில செத்துப்போனதத்தான் வரைஞ்சிருக்காங்க. கதைப்புத்தகம் புரட்டற மாதிரி முதல் படத்துல இருந்து வரிசையா பாருங்க, நடுவுல இருந்து ஆரம்பிக்காதீங்க, முதல் படத்துல அந்தக் குழந்தை எவ்ளோ சுதந்திரமா இருக்குன்னு பாக்காம கடைசிப் படத்துக்கு போனா அது வெறும் நியூஸ்தான்.

சில வேலையில பெண்ணே இருக்க மாட்டா. ஷீலா கவுடா நூல ஊசிக்காதுல கோத்து கோத்து, குங்குமமும் பசையும் தடவி நீளமா செவப்புக் கயிறு பண்ணி ரூம் பூரா தொங்கவிட்டிருக்காங்க, நுனியில ஊசி எல்லாம் கொத்தா தொங்கும். இங்க கேள்விய கொஞ்சம் மாத்திக்கோங்க, இந்த வேலைய யாரு கை பண்ணும், எவ்ளோ நேரம் பண்ணும்?

பெண் வரைஞ்சா எல்லாம் சரியா இருக்கும்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. ஷெர்கில் வசதியான வீட்டுப் பொண்ணு, அவங்க வரைஞ்ச கிராமத்துப் பெண்கள்ல நிறைய பேருக்கு பேர் கூட நமக்கு தெரியாது, அந்த நெருடல் எனக்கு இன்னும் இருக்கு. ஷீபா சாச்சி இதுக்கு ஒரு வழி பண்ணாங்க, பெண்கள் இயக்கத்துல இருந்தவங்கள போட்டோ எடுக்கும்போது எங்க நிக்கணும், எந்தப் பொருள வெச்சுக்கணும்னு அவங்களையே முடிவு பண்ண விட்டாங்க. பீகார்ல மதுபனி பக்கம் துலாரி தேவி, வீட்டு வேலை செஞ்சுட்டு இருந்தவங்க, அவங்க வாழ்க்கைய அவங்களே வரைஞ்சாங்க, 2021ல பத்மஸ்ரீ வந்துச்சு. இவங்க ரெண்டு பேரையும் ஷெர்கிலுக்கு அப்புறம் பாத்தா வித்தியாசம் நல்லா தெரியும்.

நம்ம ஊர் தொடர்பு வேணும்னா டி.கே. பத்மினிய தேடுங்க. கேரளப் பொண்ணு, மெட்ராஸ் ஓவியக் கல்லூரில படிச்சவங்க, 1969ல பிரசவத்துல இறந்துட்டாங்க, முப்பது வயசு கூட ஆகல. பட்டம் விடுற பொண்ணு ஒருத்திய வரைஞ்சிருக்காங்க. ஷெர்கில் படங்கள நேர்ல பாக்க டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸ்ல இருக்கற நேஷனல் கேலரிக்கு போகணும், திங்கக்கிழமை லீவு, அத பாத்துட்டு டிக்கெட் போடுங்க.