காடாற்றப் போனதுபோல் எலும்பு பொறுக்காதீர்கள்

போன மாதம் குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை ஒன்று எரிந்த இடத்துக்கு, எங்கள் தடய அறிவியல் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைக் கூட்டிப் போனேன். ஜீப்பிலிருந்து இறங்கிய வேகத்தில் ஒருத்தி கரித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, "சார், மண்டையோடுதானே?" என்றாள். என் முதல் வருடத்தில் நானும் இப்படித்தான். கையுறை, போட்டோ பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

பொறுக்குவது

எரிந்த எலும்பு நமக்குப் புதிதல்ல. மறுநாள் காடாற்றப் போய், பால் தெளித்து, பொறுக்கிக் கலயத்தில் போட்டவர்கள்தான் எல்லோரும். அந்தக் கலயத்தில் இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும். எங்கள் வேலையில் கேள்வியே அதுதான்.

அன்று புகைப்புரைக்குள் எரிந்து கிடந்தவர்கள் இரண்டு பேர். கூரை ஓட்டோடு சரிந்திருந்தது. அங்கே நின்றவர்களில் ஒருவர் சாக்கு கொண்டுவந்தார், இன்னொருவர் மண்வெட்டியை நீட்டினார். "இருட்டுறதுக்குள்ள முடிச்சிரலாம் சாரே." நானும் தலையாட்டினேன். அரைமணி நேரத்தில் இடம் சுத்தம்.

மேசையில் கொட்டினால் ஓடு, கரி, எலும்பு எல்லாம் ஒரே குவியல். உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு கல்போலக் கெட்டி, பெரும்பாலும் தீயிலும் மிஞ்சும். அதில் இடப்பக்கத்தது இரண்டு கிடைத்ததால் ஆள் இரண்டு என்று சொல்ல முடிந்தது. அவ்வளவுதான். ஒருவர் கதவோரம், மற்றவர் அடுப்புப் பக்கம் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த எலும்பு எங்கிருந்து வந்தது என்பது சாக்கோடு போயிற்று. சுட்டு வெளுத்த எலும்பில் டிஎன்ஏ மிஞ்சுவது அரிது. தாடைக்குள் பதிந்த கடைவாய்ப்பல் வேர் கைகொடுத்திருக்கலாம். அந்தத் தாடையோ சாக்கின் அடியில், ஓட்டுத் துண்டுகளுக்குக் கீழே பொடியாகிக் கிடந்தது. "இதுல எங்க அப்பா எது சாரே?" என்று கேட்ட பையனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

ஆகவே முதலில் கயிறு கட்டி ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். சரிந்த ஓடுகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுங்கள். எலும்பு தெரிந்ததும் நிறுத்தி, இருக்கிற இடத்திலேயே படம் எடுத்து, வரைந்து, எண் போடுங்கள். பிறகுதான் தூரிகையும் மூங்கில் குச்சியும். ஒரு கட்டத்து எலும்பு அடுத்த கட்டத்துப் பையில் போகக் கூடாது. மிஞ்சிய சாம்பலையும் கட்டம் கட்டமாகச் சலியுங்கள். தலையையும் தாடையையும் பல் உதிராதபடி சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள்.

இன்னொரு வினையும் உண்டு. தூக்கும்போது நொறுங்கிய மண்டையைப் பின்னால் பார்ப்பவர், அடித்து உடைத்தார்களோ என்று கேட்பார். தீக்குப் பின் உடைந்தால் உடைந்த பரப்பின் நிறம் வெளிப்பரப்போடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. அதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உடைத்தது நாம்தான் என்பதையும் சேர்த்து.

வெள்ளை எலும்பு என்றால் பெட்ரோல்

பெட்ரோல் ஊற்றியதற்கு வெள்ளை நிறம் சாட்சி இல்லை. பழுப்பு, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று நிறம் மாறுவது சூட்டாலும் நேரத்தாலும். சதை குறைந்த, முழங்காலுக்குக் கீழ் முன்பக்க எலும்பு சீக்கிரம் வெளுக்கும், தொடை தாமதிக்கும். பெட்ரோல் சந்தேகம் இருந்தால் அந்த இடத்து மண்ணைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் தனியாக அனுப்புங்கள்.

மடங்கிய கை

சண்டைக்குச் சாட்சி அல்ல. சூட்டில் தசை சுருங்கினால் கை மடங்கும்.

பிளாஸ்டிக் பை

ஈர எலும்புக்கு வேண்டாம். பூஞ்சை பிடிக்கும்.

சிரட்டை

நம் பக்கம் தீ எரிந்த இடத்தில் இது இல்லாமல் இருக்காது. கரிந்த சிரட்டைத் துண்டின் வளைவும் கனமும் மண்டையோட்டை அப்படியே நினைவூட்டும். 2008-ல் ஜெர்சி தீவில் பழைய குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் தோண்டியபோது மண்டையோட்டுத் துண்டு என்று அறிவித்து உலகச் செய்தியான பொருள், ஆய்வகத்தில் எலும்பே இல்லை, மரமோ சிரட்டையோ ஆகலாம் என்று முடிந்தது. தேங்காயே விளையாத ஊரில் அந்தக் கதை. முறிந்த ஓரத்தை லென்ஸில் பாருங்கள்: மண்டையோட்டில் இரண்டு கெட்டித் தகடுகளுக்கு நடுவே கடற்பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு இருக்கும், சிரட்டையில் அது கிடையாது.

அவள் கையில் இருந்ததும் சிரட்டைதான். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். மூன்று இடத்தைக் காட்டினாள்.