சொத்து வரி கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கரண்ட் பில் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சொத்து வரிக்கு அந்தப் பயம் இல்லாததால், யாரும் அந்த ரசீதை உட்கார்ந்து படிப்பதில்லை. ஆனால் மாநகராட்சியோ நகராட்சியோ தானே வசூலித்துத் தானே செலவழிக்கிற பணத்தில் இது முக்கியமானது. தெருவிளக்கு, குப்பை வண்டி, கொசு மருந்து எல்லாவற்றுக்கும் இதிலிருந்தும் எடுக்கிறார்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரியும் இதோடுதான் வசூலாகிறது. ஊர்க் கிளை நூலகத்தில் செய்தித்தாள் கிடக்கிறதென்றால் அதில் உங்கள் காசும் இருக்கிறது.

பெரிய தவறு, ரசீதில் போட்டிருக்கும் சதுர அடியைச் சரிபார்க்காமல் விடுவது. 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது, தமிழ்நாட்டில் சென்னையின் பழைய பகுதிகள் (2011 விரிவாக்கத்துக்கு முன்பே மாநகராட்சியில் இருந்தவை) தவிர்த்த நகர்ப்புறங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். 1,190 சதுர அடி வீட்டை யாரோ 1,210 என்று எழுதிவிட்டால், இருபது அடிக்காக அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள். அந்தத் தப்பின் மேல்தான் அதற்குப் பிறகு வரும் உயர்வும் ஏறும். வீட்டு வரைபடத்தை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் மறு அளவீடு கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பில் கலெக்டரிடம் வாய்மொழியாகச் சொன்னது எங்கும் பதிவாகாது.

இதே தவறை மறுபக்கமாகச் செய்கிறவர்களும் உண்டு. மாடி கட்டிவிட்டுச் சொல்வதில்லை; கீழே கடைக்கு வாடகை விட்டுவிட்டுக் குடியிருப்புக் கணக்கிலேயே கட்டுவார்கள். கண்டுபிடிக்கும் நாளில் பழைய பாக்கி மொத்தமாக வந்து நிற்கும். அதோடு, சரியாகக் கட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் பணத்தில்தான் நம் தெரு விளக்கு எரிகிறது என்று ஆகிவிடுகிறது. எனக்கு இது மிகவும் உறுத்தும் விஷயம்.

அப்புறம், தேதி. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டின் கடைசி நாள்தான் கெடு என்று நினைத்து இதை இழப்பவர்கள் நிறைய. பாக்கி வைத்தால் வட்டியும் சேரும்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். பட்டா மாறினால் வரி ரசீதிலும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். அது வருவாய்த் துறை, இது உள்ளாட்சி. அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியும் எங்கள் வீட்டு ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைந்தோம். வரி ரசீதில் பெயர் இருந்தாலே வீடு நமக்குச் சொந்தம் என்று நம்புவதும் தவறு. வரி யாரிடம் கேட்பது என்பதற்காகத்தான் அந்தப் பெயர். உரிமையைச் சொல்வது பத்திரம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒன்று: மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டியதும் தண்ணீர் வரியும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். குடிநீர், கழிவுநீர் வரியைக் குடிநீர் வாரியத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

இணையத்தில் கட்டும்போது வரி விதிப்பு எண்ணைப் போட்டதும் திரையில் வரும் பெயரையும் கதவு எண்ணையும் படித்துவிட்டுப் பணம் செலுத்துங்கள். ஒரு எண் மாறினால் வேறு யாருடைய பாக்கியையோ அடைத்துவிடுவீர்கள். அதைத் திரும்ப வாங்க எத்தனை முறை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்குமோ.