ஓவர்ஹால் செய்த எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைவும் சத்தமும்: காரணத்தைக் கண்டறியும் முறை

ஓவர்ஹால் முடித்துப் பூட்டிய எஞ்சினில் ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தாலோ அடிப்பகுதியில் தட்டும் சத்தம் கேட்டாலோ எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். ஆயில் படலம் இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே புதிய பேரிங் ஷெல்கள் (சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெல்லிய அரைவட்டத் தகடுகள்) கெட்டு, கிராங்க் ஷாஃப்ட்டிலும் கீறல் விழுந்து, செய்த செலவு முழுவதும் வீணாகிவிடும்.

ஆயிலின் அளவும் கிரேடும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பிறகு, பிரஷரை நேரடியாக அளக்க வேண்டும். ஆயில் விளக்கின் சுவிட்ச் பெரும்பாலும் அரை பார் அளவுக்குக் கீழே போனால்தான் விளக்கை எரியவிடும் என்பதால், விளக்கு அணைந்திருப்பதைக் கொண்டு பிரஷர் போதுமென்று முடிவு செய்யக் கூடாது. சுவிட்ச் பழுதானாலும் விளக்கு எரியும். எனவே சுவிட்சைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் நன்றாகச் சூடேறிய பின்பும், ஐடிலிலும் 2000, 3000 ஆர்பிஎம்மிலும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எஞ்சினுக்கான சர்வீஸ் மேனுவலின் அளவோடுதான். அது கிடைக்காவிட்டால், சூடான நிலையில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கைத் தோராயமாகக் கொள்ளலாம். அளக்கும்போதே தட்டும் சத்தம் கூடினால் சோதனையைத் தொடராதீர்கள்.

குளிரில் நல்ல பிரஷர் காட்டி, சூடேறியதும் ஐடிலில் மட்டும் விழுந்தால், பேரிங் இடைவெளி (ஷெல்லுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள இடம்) அதிகம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்து, வேகம் கூட்டினாலும் முள் ஏறவில்லையென்றால், ஆயில் பம்பின் ரிலீஃப் வால்வு (மிகுந்த பிரஷரை வெளியே விடுவது) தூசியாலோ உலோகத் துகளாலோ திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அல்லது கேலரியின் (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் பாதையின்) பிளக் ஒன்று போடப்படாமல் விடுபட்டிருக்கலாம். முள் நடுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. ஸ்ட்ரெய்னர் (சம்ப் எனும் ஆயில் தொட்டியிலிருந்து ஆயிலை உறிஞ்சும் வலை வடிகட்டி) குழாய் பம்போடு சேரும் இடத்தில் பழைய ஓ-ரிங்கையே மீண்டும் போட்டிருப்பதும், அது பொருத்தும்போது நசுங்கிக் கிழிந்திருப்பதும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன.

சத்தம் வரும் இடத்தை ஸ்டெதஸ்கோப் கொண்டு தேடலாம். கனெக்டிங் ராடு பேரிங் தட்டினால், அந்த சிலிண்டரின் ஸ்பார்க்கையோ இன்ஜெக்டரையோ துண்டித்ததும் சத்தம் பெரும்பாலும் குறையும். மெயின் பேரிங் சத்தம் கனமாக, லோடு ஏறும்போது கேட்கும். குளிரில் கேட்டுச் சூட்டில் மறைந்தால் அது பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம். ஹைட்ராலிக் டேப்பெட்டின் (ஆயில் பிரஷரால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகத்தின்) டிக்டிக் சத்தம் பிரஷர் குறைவின் விளைவாகவும் வரும் என்பதால், பிரஷரைச் சரிசெய்யாமல் டேப்பெட்டுகளை மாற்றுவதில் பயனில்லை.

கேஜ் நல்ல அளவு காட்டியும் அடியில் தட்டுகிறதென்றால் ஏமாந்துவிடாதீர்கள். பல எஞ்சின்களில் மெயின் பேரிங்கின் மேல் ஷெல்லில் மட்டுமே ஆயில் துளை இருக்கும். மேல், கீழ் ஷெல்களை மாற்றிப் போட்டால், கேலரியில் பிரஷர் இருந்தும் அந்த ஜர்னலுக்கும் (ஷெல்லுக்குள் சுழலும் கிராங்க் பகுதிக்கும்) அதிலிருந்து ஆயில் பெறும் ராடுக்கும் ஆயில் போகாது.

சம்ப்பைக் கழற்றும் முன் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத, வெள்ளியாகவோ செம்பு நிறமாகவோ மின்னும் துகள்கள் நிறைய இருந்தால், ஷெல் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது. பிறகு பேரிங்கை அடியில் பிடிக்கும் கேப்களைக் கழற்றி ஷெல்லின் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள், 0.25 மி.மீ. கிரைண்ட் செய்த கிராங்க்கில் ஸ்டாண்டர்டு (கிரைண்ட் செய்யாத அளவுக்கான) ஷெல் போட்டிருந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். எண் சரியாக இருந்தால் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மென்மையான இழை) வைத்து, கிராங்க்கைச் சுழற்றாமல் உரிய டார்க்கில் முறுக்கி இடைவெளியை அளக்க வேண்டும், 50 மி.மீ. ஜர்னலுக்குச் சுமார் 0.05 மி.மீ. என்பது பொதுவான அளவு.

கெட்டி ஆயில் ஊற்றி முள்ளை ஏற்றும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை; பிரஷர் கூடினாலும் தேய்மானம் நிற்காது. பழுதைச் சரிசெய்து பூட்டியபின், ஸ்பார்க்கையும் எரிபொருளையும் துண்டித்துவிட்டு, கேஜில் பிரஷர் தெரியும்வரை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட்டரால் சுழற்றிய பிறகே எஞ்சினை ஓடவிடுங்கள்.