தோளை நோகடிக்கும் மஸில்லோடர்: மருந்து கெட்டிக்கும்போதே தொடங்கும் தவறுகள்

குழல்வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுடும் மஸில்லோடர் துப்பாக்கி தோளை உடைக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: எவ்வளவு மருந்து போட்டீர்கள்? பெரும்பாலும் “மூன்று பெல்லட்” என்றே பதில் வரும். பெல்லட் என்பது மருந்தை அழுத்திச் செய்த வில்லை. கிரெய்ன் என்ற சிறு அலகில் ஒவ்வொன்றும் 50, மொத்தம் 150. ஏன் அவ்வளவு என்றால், கையேட்டில் அதுதான் போட்டிருக்கிறது என்பார்கள். கையேட்டில் போட்டிருப்பது அந்தக் குழல் தாங்கும் உச்ச அளவு. ஒரு மானை வீழ்த்த அவ்வளவு தேவை என்று அங்கே எங்கும் எழுதியிருக்காது.

அமெரிக்காவின் பல மாநிலங்கள் இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியிருக்கின்றன. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருவது சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கு மட்டுமான பருவம். இதற்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் தோட்டா போடும் ரைஃபிளில் பழகியவர்கள். அங்கே மருந்தின் அளவைத் தொழிற்சாலை முடிவு செய்துவிடும். இங்கே ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளந்து கொட்டுவது நாம்தான். ஆகவே சுடும்போது துப்பாக்கி பின்னே வந்து மோதும் உதைப்பைக் குறைக்கும் வேலையை ரப்பர் பேடு விற்கும் கடையில் தொடங்கக் கூடாது, மருந்தளக்கும் குப்பியில் தொடங்க வேண்டும்.

குண்டு மட்டும்தான் உதைப்பைத் தருகிறது என்று நினைப்பது பரவலான பிழை. குழலைவிட்டு வெளியேறும் புகையும் வாயுவும் கரித்துகளும்கூடத் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகின்றன. மஸில்லோடரில் இந்தப் பங்கு பெரியது, ஏனென்றால் குண்டின் எடையோடு ஒப்பிட்டால் நாம் போடும் மருந்து மிக அதிகம். சுமாராக ஒரு கணக்குப் போடலாம். துப்பாக்கி 3.4 கிலோ, குண்டு 250 கிரெய்ன், அதாவது 16 கிராம் சொச்சம். 100 கிரெய்ன் மருந்தில் அது நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகிறது, 150-இல் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாயுவின் வேகத்தை இரண்டிலும் 600 மீட்டர் என்று எடுத்தால், தோளில் வந்து விழும் ஆற்றல் முதலாவதில் ஏறத்தாழ 21 ஜூல், இரண்டாவதில் 36 ஜூல். குண்டின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது, தோள் வாங்கும் அடியோ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த காட்டில் மான் நிற்பது பெரும்பாலும் 50, 75 மீட்டரில். அந்தத் தூரத்தில் கூடுதல் வேகத்தால் கிடைக்கும் பலன் சொற்பம்.

இன்னொன்றும் உண்டு. அடிக்குப் பயந்த தோள் விசையை இழுக்கும் முன்பே சுருங்கும், கண் மூடும், குழல் கீழே சாயும். அப்படிப் போகும் குண்டு மானின் நெஞ்சில் படாமல் வயிற்றிலோ காலிலோ படும். காயம்பட்ட மான் பல மணி நேரம் துடிக்கும். உதைப்பைக் குறைப்பதை வெறும் சுகத்துக்கான காரியமாக நான் பார்க்காததற்கு இதுவே காரணம்.

பெல்லட்டில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியாது. ஒன்றை எடுத்தால் ஒரேயடியாக 50 குறையும். தூள் மருந்தென்றால் ஐந்தைந்து கிரெய்னாக நகர்த்தலாம். தயாரிப்பாளர் தரும் குறைந்தபட்ச அளவில் தொடங்கி, காகித இலக்கில் ஒவ்வோர் அளவுக்கும் மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். குண்டுகள் நெருக்கமாக விழும் அளவு பெரும்பாலும் உச்சத்துக்கு நன்றாகக் கீழேயே அகப்படும். கொலராடோவில் மஸில்லோடர் பருவத்தில் பெல்லட்டே கூடாது என்று விதி இருப்பதால், அங்கே போகிறவர்கள் எப்படியும் தூளுக்குப் பழகித்தான் ஆக வேண்டும்.

மருந்தைக் குறைக்கும்போது புதிய தவறுகளும் கூடவே வந்து சேரும். இந்தத் துப்பாக்கிகளின் பழைய வெடிமருந்தான கருமருந்தையும், அதன் மாற்று மருந்துகளையும் கன அளவில் அளக்க வேண்டும். மாற்று மருந்துகளில் ஒன்றான பைரோடெக்ஸ், அதே கன அளவுக் கருமருந்தைவிட லேசானது. “100 கிரெய்ன்” என்று தராசில் நிறுத்துப் போட்டால் அளவு எகிறிவிடும். இன்னொரு மாற்று மருந்தான டிரிபிள் செவன் இன்னும் வீரியமானது. கருமருந்து தரும் அதே வேகத்துக்கு 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறது அதைத் தயாரிக்கும் ஹாஜ்டன் நிறுவனமே. டப்பாவில் இருக்கும் எஃப் எழுத்துகள் துகளின் பருமனைச் சொல்பவை; இரண்டு எஃப் மருந்திலிருந்து பொடியான மூன்று எஃப்புக்கு மாறினாலும் 10 முதல் 15 சதவீதம் குறைப்பது வழக்கம், பொடி வேகமாக எரியும். இந்த வித்தியாசம் தெரியாமல் டப்பாவை மட்டும் மாற்றிவிட்டு, “திடீரென்று துப்பாக்கி உதைக்க ஆரம்பித்துவிட்டது” என்கிறார்கள்.

நவீன ரைஃபிள் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால் உதைப்பு குறையாதா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. அதற்கென்றே செய்யப்படாத குழல் வெடித்துச் சிதறும். விரலும் கண்ணும் போனவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கெட்டிக்கும் கோலில் போடும் கோடு. அனுபவசாலிகள் குண்டை மருந்தின் மேல் முழுதும் உட்காரவைத்த பிறகு, குழல்வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு கிழித்து வைப்பார்கள். அடுத்த முறை கோடு குழல்வாயோடு ஒட்டி நின்றால் குண்டு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். 100-லிருந்து 70-க்கு இறங்கினால் குண்டு இன்னும் ஆழத்தில் உட்காரும், கோலும் அவ்வளவுக்கு உள்ளே போகும். பழைய கோட்டை நம்பி நிறுத்திவிட்டால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி விழும். குழல் வீங்கவோ வெடிக்கவோ அதுவே போதும். அளவை மாற்றியதும் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகக் கிழியுங்கள்.

குண்டின் எடையும் நம் கையில்தான் இருக்கிறது. 50 காலிபரில், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலமுள்ள துப்பாக்கியில், துணித்துண்டு சுற்றிப் போடும் ஈய உருண்டை சுமார் 177 கிரெய்ன். நீள் குண்டுகள் 400-ஐத் தாண்டியும் கிடைக்கின்றன. உருண்டையும் 70 கிரெய்ன் மருந்துமாகச் சுட்டால், துப்பாக்கி அடிப்பதைவிட மெல்லத் தள்ளுவது போலத்தான் இருக்கும். ஆனால் குழலின் உள்முறுக்கை, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் பள்ளங்களை, பார்க்காமல் குண்டை மாற்றாதீர்கள். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கு உருண்டைக்கானது. 28 அங்குலத்துக்கு ஒன்று என்பது நீள் குண்டுக்கானது, அதில் உருண்டையை வேகமாக அனுப்பினால் குறி சிதறும். அப்படிப்பட்ட குழலுக்கு பிளாஸ்டிக் உறையில் வரும் லேசான குண்டு பொருந்தும்.

இனி பிடிக்கும் விதம். ஹாக்கன் பாணித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். செயின்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் என்ற ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கிகளிலும், அதற்கு முந்தைய பென்சில்வேனியா நீள் துப்பாக்கிகள் பலவற்றிலும், தோளோடு அணைக்கும் கட்டையின் பின்முனையில் பிறை வடிவ உலோகத் தகடு இருக்கும். மேல் கொம்பு ஒன்று, கீழ்க் கொம்பு ஒன்று, நடுவில் பள்ளம். இன்றைய ரைஃபிளைப் பிடிப்பது போல இதைத் தோள்குழியில் பதித்தால், மேல் கொம்பு தோள்பட்டை எலும்பில் குத்தும், கீழ்க் கொம்பு அக்குளோரம் தோண்டும். 70 கிரெய்னுக்கே கன்றிப்போகும். அந்தப் பிறை தோள்குழிக்காகச் செய்யப்பட்டதே இல்லை. இலக்குக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். இப்போது தோள்மூட்டைத் தாண்டி மேற்கையின் தசை திரளும் இடத்தில் பிறையின் பள்ளம் தானாகவே வந்து உட்காரும். இரண்டு கொம்புகளும் கையை மேலும் கீழும் அணைத்துக்கொள்ளும், எலும்பில் எதுவும் படாது. தலையைக் குனியாமல் நேராக வைத்தே குறிபார்க்க முடிவதால் கன்னத்தில் விழும் அறையும் குறையும். முதலில் மருந்தில்லாமல், வெற்றுத் துப்பாக்கியோடு இதைப் பழகுங்கள்.

தட்டையான பின்முனை உள்ள நவீன துப்பாக்கியைத் தோள்குழியில் இறுக அணைத்துப் பிடிக்க வேண்டும். வலிக்குப் பயந்து ஒரு விரல் இடைவெளி விடுகிறவர்களுக்குத்தான் கன்றிப்போகும், அந்த இடைவெளியில் துப்பாக்கி வேகம் பிடித்து வந்து மோதும்.

பெஞ்சில் உட்கார்ந்து சுடும்போது வலி கூடுவது இயல்பு. நிற்கும்போது இடுப்புக்கு மேலே உடல் முழுதும் பின்னே அசைந்துகொடுக்கும், மேசையில் கவிழ்ந்திருப்பவரின் உடல் அசைய வழியில்லை. தாங்கியை உயர்த்தி முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். கட்டைக்கும் தோளுக்கும் நடுவே சிறிய மணல்பை ஒன்றை வைக்கலாம். எடையேற்றித் துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் சட்டங்களும் விற்கின்றன. அவற்றில் நிறைய எடை ஏற்றி மரக்கட்டைத் துப்பாக்கியை வைக்காதீர்கள். பின்னே போக வழியில்லாத உதைப்பெல்லாம் கட்டையின் மெல்லிய கழுத்தில் இறங்கி, அங்கே விரிசல் விடும்.

ரப்பர் பேடு நல்லதுதான். மேலே மாட்டும் வகை கட்டையின் நீளத்தைக் கூட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டிசம்பர் குளிருக்குத் தடித்த கோட்டும் சேர்ந்தால், கழுத்தை நீட்டி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை நெருங்க வேண்டியிருக்கும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி, வழக்கமாக 9, 10 சென்டிமீட்டர், இல்லாவிட்டால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். வேட்டைக்குப் போடும் உடுப்போடேயே பழகுங்கள். உதைப்பைக் குறைக்கவென்று குழல்வாயில் மாட்டும் பிரேக்கை நான் பரிந்துரைப்பதில்லை. கரி அடைத்துக்கொள்கிறது, கெட்டிக்க இடைஞ்சல், பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் கேடு.

உதைப்பு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி சத்தமும் வெளிச்சமும்தான். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முகத்துக்கருகிலேயே மருந்து பளிச்சென்று பற்றும், அதைக் கண்டே பலர் அதிர்ந்துபோகிறார்கள். காதில் அடைப்பானும் மேலே மூடியும், கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுச் சுடுங்கள். கல்லுக்குப் பதில் அதே அளவில் செதுக்கிய மரத்துண்டைச் சுத்தியலின் தாடையில் பொருத்தி, வெற்றுத் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகினால் அதிர்ச்சி மெல்ல விலகும். மருந்து கெட்டித்த துப்பாக்கி விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்து ஒரு நிமிடமாவது பொறுங்கள், தாமதித்து வெடிக்கக்கூடும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கோ மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கோ கற்றுக்கொடுக்கும்போது, தன் வேட்டைக்கான அளவையே கெட்டித்து நீட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. அப்படி முதல் வெடியிலேயே மிரண்டவர்கள் பலர் பிறகு துப்பாக்கியைத் தொடுவதில்லை. தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலுக்குள் இருந்தபடி ஈய உருண்டையும் 50 கிரெய்ன் மருந்துமாகத் தொடங்குங்கள். சில வெடிகளோடு அன்றைக்கு நிறுத்துங்கள். வேட்டைக்குப் போகும் கட்டம் வந்ததும் மாநில விதியைப் பாருங்கள். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது 40 காலிபர், எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கு 50. அந்த வரம்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு மருந்து என்பதைச் சுடுபவரின் தோள் சொல்லட்டும்.