இடம் கொடுத்தால் தொட்டியையே பிடுங்கும்: மென்பவள வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் கல்போல் இறுகாத மென்பவளம்தான். விலை குறைவு, வெளிச்சம் அதிகம் கேட்காது, கால்சியம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும். ஆறு மாதம் கழித்து வரும் தலைவலிக்கும் இதே குணம்தான் காரணம். வேர்பிடித்துவிட்டால் அடங்காது.

பெரிய தவறு, எல்லாவற்றையும் நடுப்பாறையில் ஒட்டிவிடுவது. வேகமாகப் பரவும் என்பது மட்டும் தெரிந்தால் போதாது, எப்படிப் பரவும் என்பது தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேலி வேறு.

கிரீன் ஸ்டார் பாலிப், கடைப்பேச்சில் ஜி.எஸ்.பி., ஊதா நிறப் பாயாக ஊர்ந்து போகும். பாயின் விளிம்பு தொட்ட கல்லில் எல்லாம் ஏறும், பக்கத்திலிருக்கும் பவளத்தையும் மூடிவிடும். இதற்குத் தனிக்கல் கொடுத்து, சுற்றிலும் 10 செ.மீ. மணல் விடுங்கள். வாரம் ஒருமுறை கல்லைத் தாண்டிய விளிம்பை பிளேடால் நறுக்கினால் போதும். பின்பக்கக் கண்ணாடியில் படரவிடுவது இன்னும் நல்லது, வேண்டாதபோது உரிப்பது சுலபம். ஆனால் பாறை கண்ணாடியில் சாய்ந்திருந்தால் அதுவே பாலமாகிவிடும்.

ஜீனியா என்ற மென்பவளத்துக்கு நடக்கத் தெரியும். தண்டு சாய்ந்து பக்கத்துக் கல்லைத் தொடும், அங்கே ஒட்டும், பிறகு இரண்டாகப் பிரியும். போவது பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான். தனிக்கல் இதையும் ஓரளவு கட்டுப்படுத்தும். மரம்போல் கிளைவிடும் கென்யா ட்ரீக்குத் தனிக்கல்லால் பயனே இல்லை. அது கிளை நுனிகளைத் தானே உதிர்க்கும், நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் முளைக்கும். நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டின் நேர் எதிரில் இதை வைப்பது விதை தூவுவதற்குச் சமம். காளான் வடிவில் இருக்கும் மஷ்ரூம் நகரும்போது பாதத்தின் துணுக்குகளைப் பாறையில் விட்டுவிட்டுப் போகும், ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது மஷ்ரூம். கணக்குப்படி அது மென்பவளமே இல்லை, ஆனால் கடையில் ஒரே வரிசையில்தான் இருக்கும், தொல்லையும் ஒரே வகை.

அடுத்த தவறு பிடுங்குவதில். தொட்டிக்குள் கைவிட்டு ஜீனியாவைக் கிள்ளினால் அடிப்பாகம் பாறையிலேயே தங்கி மறுபடி துளிர்க்கும். கல்லை வெளியே எடுக்க முடியுமானால் எடுத்துவிடுங்கள். தொட்டித் தண்ணீர் நிரப்பிய தட்டில் வைத்து, ஜி.எஸ்.பி. பாயின் ஓரத்துக்கடியில் பிளேடைச் சாய்த்துச் செருகினால் ஓரம் கிளம்பிய தோசை மாதிரி மொத்தமாக வரும். மிச்சம் ஒட்டியிருப்பதைப் பழைய டூத்பிரஷால் தேய்க்க வேண்டும். ஜீனியா என்றால் ஒட்டிய இடத்துக் கல்லையே கொஞ்சம் உளியால் செதுக்கிவிடுவது நிச்சயம். கல்லை எடுக்க வழியில்லை என்றால் பம்புகளை நிறுத்திவிட்டு, ஒரு கையால் சுரண்டி, மறு கையில் பிடித்த சைஃபன் குழாயால் துணுக்குகளை அப்போதைக்கப்போதே இழுத்துவிடுங்கள்.

மஷ்ரூமைத் தொட்டிக்குள் வெட்டவே கூடாது. அதற்கு மருந்து சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. தண்ணீரில் கெட்டிப் பசையாகக் குழைத்து, சிரிஞ்சால் மஷ்ரூமின் வாயின் மேல் வைத்து மூட வேண்டும். பம்பு 15 முதல் 20 நிமிடம் நிற்கட்டும். 100 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு போதும், பி.ஹெச். 8.5-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பொத்தான் போன்ற பாலிப்புகளாகக் கூட்டமாய் வளரும் ஸோவாந்திட் விஷயத்தில் விளையாட்டே கூடாது. இதில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைப்பதும், மேலே வெந்நீர் ஊற்றுவதும் அந்த நஞ்சை ஆவியோடு மூச்சில் ஏற்றும், வீடே ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயம் இருந்தால் அந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பு வாங்கிக் கலக்கத் தோன்றாது, கடல் வாசலில் கிடக்கிறது. கேனைத் தூக்கிக்கொண்டு எந்த மாதம், எந்தப் பக்கம் போகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கிக் கிடக்கும், வாடையில் (வடகிழக்குக் காற்றில்) வடகடலான பாக் விரிகுடா. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோர உப்பும் இறங்கும். உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) காட்டாத தண்ணீரைச் சரிசெய்யாமல் ஊற்றக் கூடாது. படகு கட்டும் இடத்தில் மொள்ளவே வேண்டாம். டீசல் ஒருபுறம், அடிப்பெயின்ட்டிலிருந்து கசியும் செம்பு மறுபுறம், செம்பு முதுகெலும்பற்ற உயிர்களுக்கு எமன். எடுத்துவந்த தண்ணீரை நுண்வடிகட்டியில் விட்டு, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்துப் பயன்படுத்துங்கள்.

ஆவியாகிக் குறையும் அளவை ஈடுகட்டக் கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 5-க்குள். ராமநாதபுரம் மாவட்டத்தின் உவர்ப்பான போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலும் குளோரின் உண்டு.

மென்பவளம் அழுக்குத் தண்ணீரை விரும்பும் என்ற பேச்சில் பாதி உண்மை. நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் செழிக்கும். மீனுக்குத் தீனியை அள்ளிப் போட்டால் பவளம் கத்தரிக்கு அடங்காது. பயந்துபோய் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் ஜீனியா ஓரிரு நாளில் கரைந்து கூழாகும். தொட்டி முழுக்க அதுவே இருந்தால் அம்மோனியா ஏறி மீனும் போகும். நாற்றம் வந்ததுமே கூழைச் சைஃபனில் எடுத்து, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். லெதர் என்ற மென்பவள வகைகள் தண்ணீரில் விடும் ரசாயனம் மற்றவற்றை ஒடுக்கும், எனவே 100 லிட்டருக்கு 50 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி. கரையோரப் புழுக்கத்தில் மின்விசிறி எதிர்பார்த்த அளவுக்குக் குளிர்விக்காது, சித்திரை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படலாம். அவசரத்துக்கு, ஃப்ரிட்ஜில் உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம். ஐஸ் கம்பெனிப் பாளத்தை உடைத்துப் போடாதீர்கள், உப்பு இறங்கிவிடும். மின்தடைக்கு பேட்டரி ஏர்பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

ஃபிராக் துண்டை (வளர்ப்பதற்காக வெட்டிய பவளத் துண்டை) வளர்ப்பவரிடமே வாங்குங்கள், கடலிலிருந்து எடுக்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மென்பவளக் கூட்டத்தைச் சேர்ந்த ஆர்கன் பைப்பும் அதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றி எதையுமே எடுக்க முடியாது. கரையில் ஒதுங்கிய பவளக்கல்லை லைவ் ராக் (நுண்ணுயிர் குடியேறிய தொட்டிப் பாறை) என்று வீட்டுக்குக் கொண்டுவருவதும் வழக்கில்தான் முடியும்.

வெட்டியதைக் கடலில் வீசுவது இந்தக் கரையில் செய்யக்கூடிய ஆக மோசமான காரியம். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருந்தது 2008-இல் பதிவானது. வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில் ஜீனியா குடும்பத்து உனோமியா கடலடியையே மூடியிருக்கிறது. தொட்டி வணிகம் வழியாக வந்ததாகக் கருதப்படுவது அது. சாக்கடையும் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. நறுக்கிய துண்டுகள், கழுவிய தண்ணீர், சைஃபனில் வந்த குப்பை மூன்றையும் ஒரே வாளியில் சேர்த்து, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு ப்ளீச் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் துண்டுகளைக் குழி தோண்டிப் புதைத்து, தண்ணீரைச் செடி இல்லாத மண்ணில், கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றிவிடுங்கள்.